வண்டை அழைக்கும் வாசம்

இனக்கவர்ச்சிப் பொறி கட்டினால் தோப்பில் வண்டு குறையுமா, கூடுமா? சமீப காலத்தில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். பக்கத்துத் தோப்புக்காரர் கேட்ட விதம் வேறு மாதிரி: “மேனேஜர் சார், வாளி நிறைய வண்டு விழுவுது, சந்தோசமாத்தான் இருக்கு. ஆனா வாளி கட்டுன மரமும் பக்கத்துல ரெண்டு மரமும் குருத்து சாஞ்சு போச்சே, அது எப்படி?” (வங்கியை விட்டு வந்து பல வருடம் ஆகிவிட்டது. பேராவூரணிப் பக்கம் நான் இன்னும் மேனேஜர்தான்.)

அவர் கேள்வி நியாயமானது. பொறி விற்ற கடைக்காரர் வண்டு விழும் என்று மட்டும்தான் சொன்னாராம். விழாத வண்டு எங்கே போகும் என்று சொல்லவில்லை. அதைப் புரிந்துகொள்ள, வண்டு எப்படி மரத்தைக் கண்டுபிடிக்கிறது என்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்த விஷயம் தென்னையைவிடக் காட்டு மரங்களில்தான் ஆழமாக ஆராயப்பட்டிருக்கிறது. ஆகவே முதலில் ஐரோப்பாவின் மலைக்காடு வரை போய்விட்டு நம் தோப்புக்குத் திரும்புவோம்.

ஐரோப்பாவில் ஸ்ப்ரூஸ் என்று ஒரு மரம். கொடைக்கானலில் பார்க்கிறோமே பைன், அதற்கு உறவு. ஊசி இலை, கூம்பு வடிவம், நேராக ஓங்கி வளரும். பலகைக்கும் காகிதத்துக்கும் ஆகும் என்பதால் கலப்புக் காடு இருந்த இடங்களிலும் இதையே வரிசை வரிசையாக நட்டு வைத்தார்கள். நாம் நெல்வயலைத் தென்னந்தோப்பாக மாற்றின மாதிரிதான்.

இந்த மரத்துக்கு எமன் ஒரு பட்டை வண்டு. அரை சென்டிமீட்டர் நீளம், ஒரு நெல்மணியைவிடச் சின்னது. பட்டையைத் துளைத்து உள்ளே போய், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் முட்டையிடும். இலையில் தயாராகும் சர்க்கரை வேருக்கு இறங்கும் பாதை அதுதான். புழுக்கள் அந்தப் படலத்தைத் தின்றுவிட்டால் வேர் பட்டினி. போதாததற்கு வண்டு தன் உடம்பில் ஒரு பூஞ்சையையும் சுமந்து வருகிறது. அது கட்டைக்குள் பரவித் தண்ணீர் ஏறும் வழியையும் அடைக்கும். 2018 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரைக்கும் ஜெர்மனியில் சுமார் 5 லட்சம் எக்டேர் காடு போய்விட்டது என்று அந்த நாட்டு விண்வெளி மையம் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்குச் சொன்னது. வறட்சியும் வண்டும் சேர்ந்து செய்த வேலை. தமிழ்நாட்டின் மொத்தத் தென்னைப் பரப்பே ஏறத்தாழ நாலரை லட்சம் எக்டேர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நெல்மணி அளவு பூச்சியால் அவ்வளவு பெரிய மரத்தை எப்படிச் சாய்க்க முடிகிறது? மரம் ஒன்றும் சும்மா நிற்பதில்லை. துளை விழுந்த இடத்தில் பிசினைப் பீச்சும். வண்டு அதிலேயே மூழ்கிச் செத்துப்போகும். டர்பன்டைன் எண்ணெய் பாட்டிலைத் திறந்தால் ஒரு நெடி வருமே, பிசினில் இருப்பதும் அந்த நெடிதான். வேரில் ஈரம் இருந்து நல்லபடியாக நிற்கும் மரத்தை நாலைந்து வண்டுகள் ஒன்றும் செய்துவிட முடியாது. நூற்றுக்கணக்கில் ஒரே சமயத்தில் வந்து இறங்கினால்தான் பிசின் தீர்ந்துபோகும். அதனால் வண்டுக்கு இரண்டு தகவல் வேண்டும். எந்த மரம் நலிந்திருக்கிறது? கூட்டத்தை எப்படிச் சேர்ப்பது? இரண்டுமே அதற்கு வாசத்தில் கிடைக்கிறது.

காற்றில் ஒடிந்த மரம், வெட்டிப் போட்ட மரம், தண்ணீர் இல்லாமல் தவிக்கும் மரம், இவற்றின் வாசம் நல்ல மரத்தின் வாசம் மாதிரி இருக்காது. அடிபட்ட மரத்தில் பிசின் நெடி தூக்கலாக இருக்கும். தவிக்கும் மரத்துக்குள் புளிப்பேறிச் சாராயம்கூட உண்டாகும். கட்டைக்குள் துளை போடும் வேறு சில வண்டு இனங்கள் அந்தச் சாராய வாடையைத்தான் தேடி வருகின்றன. நம் பட்டை வண்டில் முதலில் வந்து துளை போடுவது ஆண். அது பிசினில் உள்ள ஆல்ஃபா பைனின் என்ற பொருளைத் தன் உடம்புக்குள் வேறொரு வாசனையாக மாற்றி, தானே தயாரிக்கும் இன்னொரு வாசனையோடு சேர்த்து வெளியே விடும். “இங்கே வாங்க, மரம் மாட்டிக்கிச்சு” என்று அதற்கு அர்த்தம். ஆண், பெண் இரண்டும் திரண்டு வரும்.

எனக்கு இதில் வியப்பே இந்த இடம்தான். மரம் தற்காப்புக்காகச் சுரந்த பொருளையே எடுத்து, அந்த மரத்துக்கு எதிராகக் கூட்டம் சேர்க்கிறது. வங்கியில் இருந்த காலத்தில் சிலரைப் பார்த்திருக்கிறேன். நம்மிடம் அடமானம் வைத்த நிலத்தின் நகலைக் காட்டியே அடுத்த தெருவில் கைமாத்து வாங்கியிருப்பார்கள். வண்டும் அந்த ரகம்.

கூட்டம் அதிகமானால் உள்ளே புழுக்களுக்குச் சாப்பாடு பத்தாது. அப்போது வேறொரு வாசம் கிளம்பும். சினிமாக் கொட்டகை வாசலில் ‘ஹவுஸ்ஃபுல்’ பலகை தொங்கவிடுவது போல. அதை முகர்ந்த வண்டு இந்த மரத்தை விட்டுவிட்டுப் பக்கத்து மரத்துக்குப் போகும். ஒரு மரத்தில் ஆரம்பித்தது கொத்துக் கொத்தாகப் பரவுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2023இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே போயிருக்கிறது. ஜெர்மனியின் யேனா நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் நிறுவனத்தில் செய்தது. முதன்மை ஆய்வாளர் தினேஷ்குமார் கந்தசாமி. வண்டு சுமந்து வரும் அந்தப் பூஞ்சை, மரத்தின் பிசின் பொருட்களைக் கற்பூரமாகவும் அதுபோன்ற வேறு சில வாசனைகளாகவும் மாற்றுகிறது. அந்த வாசனைகளைப் பிடிப்பதற்கென்றே வண்டின் உணர்கொம்பில் தனி நரம்பணுக்கள் இருக்கின்றன. பிசின் வாசத்தோடு பூஞ்சை மாற்றிய வாசமும் சேர்ந்திருந்தால் ‘இங்கே நமக்கு ஆகிற பூஞ்சை வேலையை ஆரம்பித்துவிட்டது, மரம் அடங்கிவிட்டது’ என்று வண்டுக்குத் தெரிந்துவிடும். நாம் சாமிக்கு ஏற்றுகிற கற்பூரம் அங்கே வண்டுக்கு வழிகாட்டுகிறது.

வாசம் அழைக்கவும் செய்யும், விரட்டவும் செய்யும். ஸ்ப்ரூஸுக்கு நடுவே பிர்ச் என்ற அகல இலை மரம் கலந்து நின்றால், அதன் இலை வாசத்தையும் பட்டை வாசத்தையும் முகர்ந்த வண்டு ‘இது நம்ம மரம் இல்லை’ என்று விலகுகிறது. பொறியில் அந்த வாசனைகளைச் சேர்த்து வைத்தால் விழும் வண்டு குறைகிறது என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கலப்புக் காடு ஏன் தாங்குகிறது என்பதற்கு இது ஒரு விடை. ஆனால் இதை வைத்துக்கொண்டு, தென்னைக்குள் ஏதாவது ஒரு செடியை ஊடுபயிராகப் போட்டால் வண்டே வராது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஊடுபயிர் வேறு நூறு காரணத்துக்காக வேண்டும். மரத்தில் காயம் திறந்து கிடந்தால் மஞ்சளும் காப்பாற்றாது, மிளகும் காப்பாற்றாது.

இரண்டு புயல்கள்

2018 அக்டோபர் கடைசியில் வடக்கு இத்தாலியின் மலைக்காடுகளை வாயா என்ற புயல் அடித்தது. 80 லட்சம் கன மீட்டருக்கும் மேல் மரம் விழுந்தது. பெரும்பாலும் ஸ்ப்ரூஸ். மூன்று வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் 16ஆம் தேதி விடிவதற்குள் கஜா நம் மேல் ஏறியது. தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் லட்சக்கணக்கில் தென்னை போனது. அதை நான் இந்த வாசகர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்து நடந்ததை. இத்தாலியில் விழுந்த மரங்களின் பிசின் வாசம் வண்டுகளைக் கூப்பிட்டது. விழுந்த மரத்துக்குப் பிசினைப் பீச்சும் தெம்பு கிடையாது. வண்டுக்கு எதிர்ப்பே இல்லாத விருந்து. முதலில் அதில் பெருகின. விழுந்த மரம் காய்ந்து உதவாமல் போனதும், பெருகிய கூட்டம் நின்றுகொண்டிருந்த நல்ல மரங்களின் மேல் பாய்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் புயலுக்குத் தப்பிய காடுகளும் சிவந்து காய்ந்தன. 2005 ஜனவரியில் ஸ்வீடனில் கூட்ரூன் புயலுக்குப் பிறகும் இதே கதைதான். விழுந்த மரத்தைச் சீக்கிரம் அப்புறப்படுத்திய இடங்களில் சேதம் குறைவு, விட்டுவைத்த இடங்களில் அதிகம் என்பதை அவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

இங்கேயும் ஒரு சங்கிலி உண்டு, ஆனால் கண்ணிகள் வேறு. சாய்ந்து கிடந்த தென்னை மட்க ஆரம்பித்ததும் காண்டாமிருக வண்டு வந்து முட்டை வைத்தது. அதற்கு மட்கும் வாசம் பிடிக்கும், சாணக்குழியும் உளுத்த மரமும் ஒன்றுதான். பெருகிய வண்டு, புயலில் தப்பிய மரங்களின் குருத்தைக் குடைந்தது. புதிதாக நட்ட கன்றுகளையும் விடவில்லை. விரிந்த மட்டையில் கத்தரிக்கோலால் வெட்டியது போல விசிறி வடிவ வெட்டுத் தெரிந்ததே, அது இதன் கையெழுத்து. குடைந்த இடம் காயம். காயத்தின் புளித்த வாசத்துக்கு அடுத்த ஆள் வருவார்: சிவப்புக் கூன்வண்டு. முன்னவர் வழக்கமாக மரத்தைக் கொல்வதில்லை. பின்னவர் கொல்லாமல் விடுவதில்லை. பெண் கூன்வண்டு 200க்கும் மேல் முட்டையிடும். புழு தண்டுக்குள்ளேயே தின்று வளரும். பழுப்பு நிறத்தில் சாறு வடிவதும், மென்று துப்பிய நார் வெளியே தள்ளப்படுவதும் நம் கண்ணில் படும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்.

கூன்வண்டு அதிகம் தாக்குவது 5 முதல் 20 வயது வரை உள்ள மரங்களை. கஜாவுக்குப் பிறகு நாம் நட்ட கன்றுகள் எல்லாம் இப்போது அந்த வயதுக்குள் நுழைந்துவிட்டன. பலர் கடன் வாங்கி நட்டது. முதல் பாளை விட்டு, காசு வர ஆரம்பிக்கிற நேரம். அதனால்தான் இந்த வாசக் கதையை இத்தனை நீட்டிச் சொல்கிறேன்.

பொறி என்ன செய்கிறது

வண்டின் வாசத்தை வைத்தே வண்டைப் பிடிக்கும் யோசனை புதிதல்ல. நார்வேயில் 1970களின் கடைசியில் ஸ்ப்ரூஸ் வண்டு பெருகியபோது அழைப்பு வாசத்தைச் செயற்கையாகத் தயாரித்து, சுமார் 6 லட்சம் பொறிகளைக் காட்டில் வைத்தார்கள். 1979இல் 290 கோடி வண்டுகள், 1980இல் 450 கோடி வண்டுகள் விழுந்தன. இவ்வளவு பிடித்ததால்தான் தாக்குதல் அடங்கியதா, தானாக அடங்கியதா என்று அங்கேயே வல்லுநர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒரே குரல்: பொறியை உயிருள்ள ஸ்ப்ரூஸ் மரத்தின் பக்கத்தில் வைக்காதே. வாசத்தை நம்பி வருகிற வண்டுகள் அத்தனையும் பொறிக்குள் விழாது. ஒரு பகுதி பக்கத்து மரத்தில் இறங்கும்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் சால் மரக் காடுகளில் தண்டைக் குடையும் நீண்ட கொம்பு வண்டு ஒன்று உண்டு. 1990களின் கடைசியில் மண்ட்லா பகுதியில் அது மரங்களைச் சூறையாடியது. முதல் மழைக்கு வெளியே வரும் அந்த வண்டுக்குப் புதிதாக வெட்டிய சால் மரத்தின் சாறு என்றால் உயிர். வனத்துறை என்ன செய்யும் தெரியுமா? தாக்கப்பட்ட ஒன்றிரண்டு மரங்களை வெட்டித் துண்டு போட்டு, முனைகளைக் கோடாலியின் பின்பக்கத்தால் நசுக்கிச் சாறு கசிய விடுவார்கள். வண்டுகள் தேடி வந்து குடித்து மயங்கிக் கிடக்கும். ஊர்க்காரர்கள் பொறுக்கித் தலையைத் திருகிப் போடுவார்கள். தலைக் கணக்குப்படி கூலி. வாசம் மங்கினால் மறுபடி நசுக்குவார்கள். விஷம் எதுவும் தேவையில்லை, ஆள்தான் வேண்டும்.

இனி தோப்புக்காரர் கேள்விக்கு வருவோம். கூன்வண்டுப் பொறியில் தொங்கும் குப்பி, ஆண் வண்டு விடும் அழைப்பு வாசம். 1990களில் அதைக் கண்டுபிடித்துச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். ஆனால் குப்பி மட்டும் போதாது. அது தூரத்து வண்டைத் தோப்பு வரை கூட்டி வரும், வாளிக்குள் இறங்க வைப்பது புளித்த தீனியின் வாசம். கரும்புத் துண்டு, வாழைப்பழம், நசுக்கிய பச்சை மட்டை என்று எதையாவது தண்ணீரில் போட்டுப் புளிக்க விட வேண்டும். எல்லாவற்றையும்விடக் கள் நன்றாக வேலை செய்யும். மனுசன் குடிக்கவே தடை உள்ள மாநிலத்தில் வண்டுக்கு ஊற்றக் கள்ளுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள்.

தோப்புக்காரர் வாளியைப் போய்ப் பார்த்தேன். தீனி காய்ந்து, தண்ணீர் இல்லாமல் கிடந்தது. குப்பி மட்டும் புதிது. கடுதாசி போட்டு விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு அடுப்பே பற்ற வைக்காத வீடு மாதிரி. வந்த வண்டு வேறெங்கே போகும்? அதைவிட முக்கியம், வாளியை அவர் தோப்பின் நட்டநடுவில், 7 வயது மரத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்தார். ஆணி அடித்த இடத்தில் சாறு கசிந்து காய்ந்திருந்தது. அழைப்பும் அங்கே, காயமும் அங்கே.

ஆகவே பொறி வைப்பதானால் தோப்பின் ஓரத்தில், இளம் தென்னையிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, தென்னையோ பனையோ அல்லாத வேறு மரத்திலோ நட்ட கம்பத்திலோ நெஞ்சு உயரத்தில் கட்டுங்கள். எக்டேருக்கு ஒன்று போதும். வாளியின் வெளிப்பக்கம் சாக்குத் துணி சுற்றினால் வண்டுக்கு ஏறப் பிடி கிடைக்கும். தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் கலந்தால் விழுந்தது ஏறி வராது. வாரம் ஒரு முறை வண்டை எடுத்துவிட்டுத் தீனியையும் தண்ணீரையும் மாற்ற வேண்டும். இதைத் தொடர்ந்து செய்ய முடியாது என்றால் பொறியே வேண்டாம் என்பது என் கட்சி. பாதிப் பொறி, பொறி இல்லாததைவிட மோசம். விழுந்ததை எண்ணி ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். என் நோட்டில் எப்போதும் ஆணைவிடப் பெண்தான் அதிகம். முட்டையோடு வருகிறவள் விழுகிறாள் என்பது நமக்கு லாபம்தான். அக்கம்பக்கத்துத் தோப்புகள் சேர்ந்து வைத்தால் இன்னும் நல்லது. ஒருவர் மட்டும் வைத்தால் ஊர் வண்டெல்லாம் அவர் வீட்டு விருந்தாளி.

பொறியைவிட நான் அதிகம் நம்புவது காயத்தை மூடுவதை. பச்சை மட்டையை வெட்டாதீர்கள். வெட்டியே ஆக வேண்டும் என்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள், வெட்டு வாயில் வைத்த முட்டையின் புழு தண்டு வரைக்கும் போய்ச் சேர முடியாது. மரம் ஏறக் கொத்துப் போடும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். டிராக்டர் கலப்பை அடிமரத்தில் உரசினால் அன்றைக்கே பசுஞ்சாணமும் செம்மண்ணும் வேப்பெண்ணெய் கொஞ்சமும் குழைத்து அப்புகிறேன். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் அதற்குள் வாசம் கிளம்பிவிடும்.

காண்டாமிருக வண்டைக் கட்டுப்படுத்தினால் பாதிக் காயம் குறையும். குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் போட்டு வருகிறேன். ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோவை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சின்னச் சின்ன மண்பானைகளில் வைத்தால் அந்த வாசத்துக்கு வண்டு வந்து விழும். பானையும் இளங்கன்றுக்கு நடுவே வேண்டாம், காரணம் மேலே சொன்னதேதான். கூன்வண்டு குடைந்து குருத்துச் சாய்ந்த மரத்தை நிற்க வைத்து அழகு பார்க்காமல், வெட்டி, தண்டைப் பிளந்து, உள்ளே நாரால் பின்னிய கூடுகளையும் புழுக்களையும் எரித்துவிட வேண்டும். தண்டைத் தோப்பிலேயே போட்டுவைத்தால் மட்கிக் காண்டாமிருக வண்டுக்குத் தொட்டில் ஆகும். அறுத்துக் காய வையுங்கள், இல்லை விறகுக்குக் கொடுத்துவிடுங்கள்.

எருக்குழிதான் கடைசி இடம். இயற்கை வழியில் இருப்பவர்களிடம் எருக்குழி பெரிதாக இருக்கும், ஆகவே புழுவும் நம்மிடம்தான் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஈரமான எருவில் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைக் கலந்துவிட்டால் அது புழுக்களை நோயில் தள்ளும். பச்சை படிந்து விறைத்துக் கிடக்கும் புழுவைப் பார்த்தால் வேலை நடக்கிறது என்று பொருள். புழு அங்கே நாலைந்து மாதம் இருக்கும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது எருவைக் கிளற வேண்டும். கிளறும் நாளில் காலையிலேயே கோழிகளை அவிழ்த்து விட்டுவிடுங்கள். கட்டை விரல் தடிமன் புழுவுக்கு அவை போடும் சண்டையில், பொறுக்க ஆள் கூலி மிச்சம்.